தாத்தாவின் சவரக்கத்தியும் என் கன்னமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பால்மரத் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி என் கைக்கு வந்தது. முதல் வாரம் முகமெல்லாம் கீறல். கத்தி முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

டவுனில் முடிவெட்டும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர், "தோல்வாரில எப்படித் தீட்டுன தம்பி?" என்றார். செய்து காட்டினேன். சிரித்துவிட்டார். கூரான பக்கத்தை முன்னால் தள்ளியிருக்கிறேன். வாரும் வெட்டுப்பட்டது, கூரும் மழுங்கியது. கத்தியின் முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர வேண்டுமாம். வார்க் கோடியில் முதுகை எடுக்காமலே புரட்ட வேண்டும். வார் தொய்ந்தாலும் கூர் போய்விடும்.

மழுங்கியதை அவரே சாணைக்கல்லில் தீட்டித் தந்தார். அப்புறம் ஒவ்வொரு சவரத்துக்கும் முன் வாரில் 40, 50 தடவை. வெந்நீர்த் துண்டால் முகத்தில் ஒத்தடம். தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, முடி வளரும் திசையில். மோவாயை மட்டும் இரண்டு மாதம் சாதாரண ரேசருக்கே விட்டேன். வீரமெல்லாம் கன்னத்தோடு சரி.

நம்ம ஊர் புழுக்கத்துக்குக் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தான் மடக்குகிறேன்.