ஒல்லி ஸ்டெப்னியோடு வீடு போய்ச் சேர

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு சாயங்காலம், மாமியார் வீட்டுக்கு ஓசூர் கிளம்பினோம். பொம்மனஹள்ளி பக்கம் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் முன்பக்க இடது சக்கரம் டமாரென்று இறங்கியது. ஓரம் கட்டிப் பார்த்தால் அலாய் ரிம்மின் விளிம்பு கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளே மடங்கியிருக்கிறது. அந்த இடைவெளி வழியாகக் காற்று உஸ்ஸென்று போகிறது.

ஸ்டெப்னி இருக்கிறதே என்று டிக்கியைத் திறந்தோம். ஸ்கூட்டர் டயருக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக ஒன்று. பெங்களூரில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இதை ஆபத்து வரும்வரை பார்த்திருக்கவே மாட்டார்கள். இன்றைக்கே ஒருமுறை டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மற்ற நாலு டயரின் அளவே அதிலும் இருந்தால் கவலை இல்லை. பார்க்கச் சாதாரண டயர்தான், ஆனால் அளவு சின்னது, ரிம்மில் 80 கிலோமீட்டர் வேகம் என்று ஸ்டிக்கர் என்றால், அது தற்காலிகம். அளவுக்கு முன்னால் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்து, டயரும் ஒல்லியாக இருந்தால், அதுவும் தற்காலிகம்தான்; ஆனால் காற்றுக் கணக்கே வேறு.

காற்று விஷயத்தில்தான் நான் மாட்டினேன். ஒல்லி டயருக்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வேண்டும். டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் தம்பி பழக்கதோஷத்தில் எல்லா டயருக்கும் போல இதற்கும் 32 வைத்திருந்தார், நானும் கவனிக்கவில்லை. பாதிக் காற்றில் ஓட்டினால் டயர் நசுங்கிச் சூடேறும், வண்டி அலையும். நல்லவேளை, 12 வோல்ட் பம்பு ஒன்று வண்டியில் கிடந்தது. சாதாரண வடிவ சின்ன ஸ்டெப்னிக்கு 60 அடித்துவிடாதீர்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ளதுதான் அதற்கு. வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பயன்படுத்தாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும், வெடிப்பு விட்டிருந்தால் நம்பவேண்டாம்.

அடுத்து, எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? நம் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. ஸ்டியரிங்கும் அங்கே, பிரேக்கின் பெரும்பங்கு வேலையும் அங்கே. ஒரு பக்கம் சின்னச் சக்கரம் என்றால் அதே தூரத்துக்கு அது அதிகம் சுற்றியாக வேண்டும். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பான டிஃபரென்ஷியல், நேர்ச்சாலையிலும் ஓயாமல் வேலை செய்து சூடாகும். அதனால் முன்சக்கரம் போனால் நான் செய்வது இது: பின்னால் உள்ள நல்ல சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ஒல்லியை மாட்டுவேன். பிறகு அந்த நல்ல சக்கரம் முன்னுக்கு. ஜாக்கி இரண்டு தடவை, இருபது நிமிடம் கூடுதல். லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடமானால் இதை அங்கே செய்யாதீர்கள். முன்னாலேயே மாட்டி, ஊர்ந்துபோய், பக்கத்துப் பங்கில் மாற்றிக்கொள்ளலாம். பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்கும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கும் கையேட்டில் சொன்னதுதான் முறை.

மாட்டும் வேலை தெரிந்ததுதான்: ஹேண்ட்பிரேக், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல், ஜாக்கி ஏற்றுமுன் நட்டுகளைக் கால்சுற்றுத் தளர்த்துவது, மாட்டும்போது எதிரெதிராக முடுக்குவது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை பாருங்கள். ஜாக்கி சறுக்கினாலும் கால் தப்பும். சில கார்களில் அலாய்க்கும் இரும்பு ரிம்முக்கும் நட்டு வேறு, அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

“மெதுவா ஓட்டினா ஓசூர் போயிடலாமே” என்றார் கணவர். “வேண்டாங்க” என்றேன். இன்னும் 30 கிலோமீட்டர் போல நெடுஞ்சாலை, இருட்டு, மழை. வீட்டுக்கு அதில் பாதிகூட இல்லை. பாரம் குறையட்டும் என்று அவரையும் மகளையும் பைகளோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் மட்டும் வீடிருக்கும் அல்சூருக்குத் திரும்பினேன்.

80 என்பது உச்சவரம்பு, ஓட்டவேண்டிய வேகம் அல்ல. நான் 40ஐத் தாண்டவில்லை. ஒல்லி டயருக்குச் சாலையில் பிடி குறைவு, ஈரத்தில் இன்னும் குறைவு. எனவே முன்வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விட்டேன். கோரமங்களாவில் ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக நழுவுவது இடுப்பில் தெரிந்தது. பதறி மிதிக்கவில்லை, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்ததும் அடங்கியது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். அந்த மூலையில் வண்டி தாழ்ந்து நிற்பதால் நம் ஊர் ஹம்ப்களில் அடிதட்டும். நடந்துபோகும் வேகத்தில் ஏறி இறங்குங்கள். டயர் காற்று விளக்கு, சில கார்களில் ஏபிஎஸ் விளக்கு எரியலாம். ஸ்டியரிங் நடுங்கினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ ரிம் மட்டுமல்ல, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனும் அடிபட்டிருக்கலாம். அங்கேயே நிறுத்தி டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸின் லனெல்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் அங்கே விற்றது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். அதைப் பழுதான சக்கரத்தின் மேலேயே பூட்டி ஓட்டிப் போனார்கள்.

மறுநாள் காலை, கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு. “அக்கா, வளைஞ்சதுதான், நிமிர்த்திடலாம்” என்றார் கடைக்காரர். விரிசல் இருக்கிறதா என்று உள்பக்கமும் துடைத்துப் பார்க்கச் சொன்னேன்; இல்லை. இருந்திருந்தால் வெல்டிங் வேண்டாம், வேறு ரிம் என்றிருப்பேன். டயரின் பக்கவாட்டிலும் கைவைத்துத் தடவிப் பார்த்தோம்: ஓரிடத்தில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம், உள்நூல் அறுந்திருக்கிறது. டயரை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, 60 அடித்த ஒல்லியைத் துடைத்து டிக்கியில் வைத்தேன். அன்று சாயங்காலம், மாட்டிய சக்கரங்களின் நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிக்கொண்டு ஓசூர் கிளம்பினோம்.