கொரிய முள்ளங்கி: விதைப்பு முதல் கக்டுகி வரை

கொரியாவில் 'மு' எனப்படும் முள்ளங்கி குட்டையாக, பருமனாக, தோள்பகுதி இளம்பச்சையாக இருக்கும். சதை இறுக்கமானது. அதனால் குழம்பில் கொதித்தாலும் சட்டென்று கரையாது, உப்பில் ஊறினாலும் மொறுமொறுப்பு போகாது.

விதைக்கும் காலம்

விளைச்சலின் பாதி இங்கேயே முடிவாகிவிடும். கொரியாவின் நடுப்பகுதியில் ஆகஸ்ட் பிற்பாதியில் விதைத்து, கிம்சி (காரமாகப் புளிக்கவைக்கும் கொரிய ஊறுகாய்) போடும் நவம்பரில் பிடுங்குகிறார்கள். 70 முதல் 90 நாள் பயிர். வேர் பருக்கும் நேரத்தில் இரவு குளிர்ந்தால்தான் இனிப்பு ஏறும். வெயிலில் விளைந்தது காரமும் கசப்புமாக இருக்கும். வசந்தத்தில் சாதாரண ரகத்தை விதைத்தால், இளஞ்செடியில் குளிர் பட்டு, பகல் நீண்டதும் பூத்தண்டு விட்டுவிடும். வேர் தேறாது.

பாத்தியும் விதைப்பும்

1. மண்ணை 30 செ.மீ. ஆழம் கொத்தி, கல்லையும் கட்டியையும் பொறுக்குங்கள். நன்றாக மக்கிய தொழுவுரத்தை இரண்டு வாரம் முன்பே கலந்துவிடுங்கள். மக்காத சாணம் பட்டால் வேர் கவைவிடும்.
2. நேரடியாக விதையுங்கள். நாற்றுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் முறிந்து, அப்போதும் கவைதான். 25–30 செ.மீ. இடைவெளி, குழிக்கு 3–4 விதை, 1 செ.மீ. ஆழம்.
3. விதைத்த அன்றே வலை போர்த்துங்கள். தத்தித் தாவும் சிறு கருவண்டுகள் முதல் இரண்டு வாரத்தில்தான் இலையைச் சல்லடையாக்கும். போன போகத்தில் முட்டைக்கோஸோ கடுகோ இருந்த பாத்தி என்றால் வலையும் உதவாது. வண்டு மண்ணிலிருந்தே ஏறும்.
4. ஐந்தாறு இலை வந்ததும் குழிக்கு ஒரு செடி மட்டும் விடுங்கள். மனம் இரங்கி இரண்டை விட்டால் இரண்டுமே சிறுக்கும். பிடுங்கிய தழை நல்ல கீரை.

தண்ணீர் சீராகப் போகட்டும். காயவிட்டுத் திடீரென்று நிறைய பாய்ச்சினால் வேர் வெடிக்கும். தோல் சொரசொரத்து, உள்ளே பழுப்பேறினால் பெரும்பாலும் போரான் குறை. அடுத்த போகத்துக்கு அடியுரத்தோடு சதுர மீட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் போதும். கூடினால் பயிர் கருகும்.

அறுவடை

கடும் உறைபனிக்கு முன் பிடுங்கிவிட வேண்டும். உறைந்த வேர் பிறகு பஞ்சாகிவிடும். சந்தேகமிருந்தால் வெளி இலை ஒன்றின் காம்பை முறித்துப் பாருங்கள்: நடுவில் வெள்ளையாகப் பொரிந்து பொள்ளலாக இருந்தால் வேரும் அப்படித்தான். பிடுங்கிய கையோடு தழையை வெட்டிவிடுங்கள். விட்டால் வேரின் ஈரத்தை உறிஞ்சும். தழையை உலர்த்தி வைத்தால் அதுதான் சிரேகி, குளிர்காலத்துச் சோயா விழுது சூப்புக்கு உயிர்.

சமையல்

பச்சை மேல்பகுதி இனிப்பு, பச்சையாகத் துருவிப் பிசறலாம். நடுப்பகுதி மீனோடு வேகவைக்க. நுனி காரமானது, சூப்புக்குத் தள்ளுங்கள்.

கக்டுகி என்பது முள்ளங்கித் துண்டுகளில் போடும் கிம்சி. அதற்கு 1 கிலோ முள்ளங்கியைத் தோல் சீவாமல் தேய்த்துக் கழுவி, 2 செ.மீ. துண்டுகளாக்குங்கள். கல்லுப்பு 1 மேசைக்கரண்டி, சர்க்கரை அரை மேசைக்கரண்டி சேர்த்துப் பிசறி 40 நிமிடம் வைத்து நீரை வடியுங்கள். முதலில் கொரிய மிளகாய்த்தூள் 5 மேசைக்கரண்டி மட்டும் போட்டுப் பிசறுங்கள். நிறம் துண்டில் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் குண்டு மிளகாய்த்தூளை இந்த அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது; காஷ்மீரி மிளகாய்த்தூள் ஓரளவு ஒத்துவரும். பிறகு புளிக்கவைத்த மீன் சாறு (ஃபிஷ் சாஸ்) 2 மேசைக்கரண்டி, உப்பிட்ட இறால் 1 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒன்றரை மேசைக்கரண்டி, இஞ்சி அரைத் தேக்கரண்டி, வெங்காயத்தாள் ஒரு பிடி.

ஜாடியில் அழுத்தி அடைத்து, மேலே நான்கு விரல் இடம் விடுங்கள், நுரைத்து எழும். வெளியே ஒன்றிரண்டு நாள், புளிப்பு வாசம் வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில். துண்டு தொளதொளத்தால் உப்பு குறைந்திருக்கும், அல்லது வெளியே அதிக நாள் இருந்திருக்கும். ஒரு வாரம் கழித்து எடுங்கள். ஊறிய சாற்றையும் மாட்டெலும்பு சூப்பில் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளலாம்.