ஸ்டேயர்ஸ் ஹர்டில்: முன்னணிக் குதிரைகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் மார்ச்சில் நடக்கும் செல்ட்டன்ஹாம் குதிரைப் பந்தயத் திருவிழாவில், வியாழக்கிழமை ஓடும் தடை தாண்டும் பந்தயமான ஸ்டேயர்ஸ் ஹர்டிலின் தூரம் 2 மைல் 7 ஃபர்லாங் 213 கெஜம், அதாவது ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர். தாண்ட வேண்டிய தடைகள் 12. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகள் எல்லாம் 11 ஸ்டோன் 10 பவுண்ட் (சுமார் 74 கிலோ) சுமக்கும். பெண் குதிரைக்கு 7 பவுண்ட் சலுகை. கிண்டியில் 1,200, 1,600 மீட்டர் சமதள ரேஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தூரமே மலைப்பாக இருக்கும். பலருடைய கணிப்பு சறுக்கத் தொடங்குவதும் அந்த மலைப்பில்தான்.

குதிரையின் தம் ஒன்றையே பார்ப்பது

தூரம் அதிகம், ஆகவே அதிகத் தம் உள்ள குதிரைதான் ஜெயிக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தடத்தின் அமைப்பைக் கவனித்தால் இது பாதிதான் சரி என்று தெரியும். பந்தயம் நடப்பது செல்ட்டன்ஹாமின் நியூ கோர்ஸ் என்ற தடத்தில். அங்கே கடைசி ஏழு ஃபர்லாங்கில், அதாவது சுமார் 1,400 மீட்டரில், இரண்டே இரண்டு தடைகள்தான். இறக்கத்தில் வேகம் பிடித்து, இடப்பக்கம் திரும்பி, கடைசித் தடையைத் தாண்டியதும் மேட்டில் ஏற வேண்டும். முதல் இரண்டு மைல் மந்தமாகப் போய்விட்டால், இந்தப் பகுதி கிட்டத்தட்ட சமதள ரேஸ் போல ஆகிவிடும். சேற்றில் மற்றவர்களைக் களைப்படைய வைத்தே ஜெயித்து வந்த குதிரை அப்போது திணறும்.

ஜெயித்தவர்களின் பழைய கணக்கைப் பாருங்கள். 2013-இல் வென்ற சோல்விட், முன்பு இரண்டு மைல் தூரத்திலேயே கிரேடு 1, அதாவது உச்சத் தரப் பந்தயம், வென்ற குதிரை. 2017-இல் வென்ற நிக்கல்ஸ் கேன்யனும் அப்படித்தான். 2025-இல் ரேச்சல் பிளாக்மோர் ஓட்டி வென்ற பாப் ஒலிங்கர் இரண்டரை மைல் பந்தயங்களில் பெயர் வாங்கியது. மூன்று மைலுக்குத் தம் போதுமா என்ற சந்தேகம் அதன்மேல் இருந்துகொண்டே இருந்தது. எனவே ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு முதல் இரண்டரை மைலுக்குள் உயர்தரப் பந்தயம் எதையாவது வென்றிருக்கிறதா? மூன்று மைலில் கடைசித் தடைக்குப் பிறகு முன்னேறியதா, பின்வாங்கியதா? இரண்டுக்கும் நல்ல பதில் உள்ள குதிரைகள் ஒரு பந்தயத்துக்கு மூன்று நான்குக்கு மேல் தேறாது.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. பெய்ஸ்லி பார்க், பிக் பக்ஸ் போன்ற குதிரைகள் கடைசித் திருப்பத்துக்கு முன்னால் தள்ளாடுவதுபோலத் தெரியும். ஜாக்கி கையைப் போட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார். மேட்டில் கால் வைத்ததும் பாய்ச்சல் திரும்ப வரும். பிக் பக்ஸ் 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு முறை இந்தப் பந்தயத்தை வென்றது. ஜாக்கி தள்ளத் தொடங்கிவிட்டார் என்பதற்காக ஒரு குதிரையைக் கணிப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள். அதற்கு அடுத்த 300 மீட்டரில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

முன்னால் ஓடுபவர்களை எண்ணாமல் விடுவது

எங்கள் பார்வையில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். செய்ய வேண்டிய வேலை அரை மணி நேரம்கூட எடுக்காது. ஒவ்வொரு குதிரையின் கடைசி நான்கைந்து ஓட்டங்களின் வீடியோவையோ பந்தயக் குறிப்பையோ எடுத்து, இரண்டாம் தடையைத் தாண்டும்போது அது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் போயே ஆக வேண்டிய குதிரைகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் வேகம் அதன் ஜாக்கியின் கையில். மூன்று என்றால் ஒன்றையொன்று விரட்டி மூச்சு முட்டும். பின்னால் காத்திருக்கும் குதிரைகளுக்குக் கொண்டாட்டம்.

2021-இலும் 2022-இலும் ஃப்ளோரிங் போர்ட்டரை டேனி மல்லின்ஸ் முன்னால் வைத்தே ஓட்டி இரண்டு முறையும் வென்றார். வேண்டிய இடத்தில் வேகத்தைக் குறைத்து, மூச்சு விட வைத்து, மறுபடி கூட்டினார். பின்னால் வந்தவர்களின் தம் அங்கே செல்லுபடியாகவில்லை. 2015-இல் கோல் ஹார்டனும் முன்னால் ஓடியே ஜெயித்தது.

சோதனைப் பந்தய முடிவை அப்படியே எடுத்துக்கொள்வது

குளிர்காலம் முழுக்க முன்னோட்டப் பந்தயங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே ரகமல்ல. அஸ்காட்டில் டிசம்பரில் நடக்கும் லாங் வாக் ஹர்டில் மூன்று மைல்தான், ஆனால் வலச்சுற்றுத் தடம்; செல்ட்டன்ஹாம் இடச்சுற்று. அயர்லாந்தின் ஃபேரிஹவுஸில் நடக்கும் ஹாட்டன்ஸ் கிரேஸும் வலச்சுற்று. தூரம் இரண்டரை மைல். லெப்பர்ட்ஸ்டவுனின் கிறிஸ்துமஸ் ஹர்டில் இடச்சுற்று, மூன்று மைல். தாண்டும்போது வலப்பக்கம் சாயும் குதிரைக்கு அஸ்காட்டில் அது தெரியாது. செல்ட்டன்ஹாமில் 12 தடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடத்தை இழக்கும்.

தடமும் தூரமும் மிகவும் ஒத்துப்போவது ஜனவரி இறுதியில் அதே நியூ கோர்ஸில் நடக்கும் க்ளீவ் ஹர்டில். ஆனால் எடை வேறு. அது கிரேடு 2. பெரிய பந்தயம் வென்றவர்களுக்கு அங்கே கூடுதல் சுமை ஏற்றுவார்கள். மார்ச்சில் சுமை சமமாகிவிடும். மூன்று மைலில் ஒரு லென்த் (ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தை ஏறத்தாழ ஒரு பவுண்டாகக் கணக்கிடுவது வழக்கம். க்ளீவில் 6 பவுண்ட் குறைவாகச் சுமந்து 2 லென்தில் தோற்ற குதிரையை, மார்ச்சில் 8 லென்த் பின்னால் வைத்தே கணக்கைத் தொடங்க வேண்டும். "நூலிழையில் தோற்றது, அடுத்த முறை பிடித்துவிடும்" என்ற பேச்சு பெரும்பாலும் இந்தக் கழித்தலைச் செய்யாமல் வருவது.

முடிவு மட்டும் கதை சொல்லாது என்பதற்கு 2022 க்ளீவ் ஒன்றே போதும். பெய்ஸ்லி பார்க் தொடக்கத்திலேயே திரும்பி நின்றுகொண்டு பத்துப் பதினைந்து லென்துக்கு மேல் இழந்தது; இருந்தும் ஜெயித்தது. முடிவுப் பட்டியலில் அது ஒரு சாதாரண வெற்றி. பார்த்தவருக்கு இரண்டு செய்திகள்: திறமை இன்னும் இருக்கிறது, தொடக்கத்தில் நம்ப முடியாது. மார்ச்சில் அது மூன்றாவதாக வந்தது.

நீண்ட ஓய்வைக் கண்டு பயப்படுவது

2018-இல் பென்ஹில் அந்த சீசனில் ஒரு முறைகூட ஓடாமல் நேராக வந்து வென்றது. அதற்கு முந்தைய ஓட்டம் முந்தின ஆண்டு ஏப்ரலில். 2024-இல் டியாஹுபூ டிசம்பர் ஹாட்டன்ஸ் கிரேஸுக்குப் பிறகு நேரே இங்கே வந்து வென்றது. முந்தைய ஆண்டு ஜனவரியில் ஒரு பந்தயம் ஓடிவிட்டு வந்தபோது வெல்லவில்லை. இடைவெளி எத்தனை நாள் என்பதைவிட, அந்தக் குதிரை ஓய்வுக்குப் பிறகு முன்பு எப்படி ஓடியது, பயிற்சியாளர் இதைத் திட்டமிட்டுச் செய்கிறாரா, காயத்தால் நேர்ந்ததா என்பதே முக்கியம்.

பந்தயம் கட்டுபவர்கள் அதிகம் நம்பும் ஃபேவரிட் என்றால் முடிந்தது என்று நினைப்பது

2020-இல் பெய்ஸ்லி பார்க்கின் ஆட்ஸ் 4/6, அதாவது 6 ரூபாய் கட்டினால் 4 ரூபாய் லாபம். அதன் பொருள் சந்தையின் கணக்கில்கூட வெற்றி வாய்ப்பு 60 சதவீதம்தான். பத்துக்கு நான்கு முறை தோற்கும். அன்று இதயத் துடிப்பு சீர்கெட்டு ஏழாவதாக வந்தது. வென்றது 50/1-இல் இருந்த லிஸ்னகார் ஆஸ்கர். 2023-இல் 33/1-இல் சைர் டு பெர்லே, அதுவும் 11 வயதில். 2014-இல் அதுவரை தோல்வியே அறியாத அன்னி பவர், 7 பவுண்ட் சலுகையோடும் மோர் ஆஃப் தட்டிடம் தோற்றது. முதலிடத்தில் இருப்பதைத் தாக்கி எழுத வேண்டியதில்லை. இரண்டாம் மூன்றாம் வரிசையிலும் அதே அளவு நேரம் செலவழிக்க வேண்டும், அவ்வளவே.

வயதைப் பற்றியும் இதே எச்சரிக்கை. 11 வயது சைர் டு பெர்லே வென்றது. அதே 11 வயதில் பிக் பக்ஸ் 2014-இல் ஐந்தாவது. அந்த ஜனவரியில் க்ளீவில் பிக் பக்ஸ் மூன்றாவதாக வந்தபோதே மேட்டில் பழைய பாய்ச்சல் இல்லை. பிறந்த ஆண்டைவிட அது நல்ல அடையாளம்.

சின்னதாகத் தெரியும் ஒன்று, குதிரையின் மூச்சுப் பாதையைச் சீராக்கும் சுவாச அறுவைச் சிகிச்சை. கோல் ஹார்டன் அதைச் செய்துகொண்ட பிறகுதான் 2015-இல் வென்றது. 2018 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் இதை அறிவிப்பது கட்டாயம். ரேஸ் கார்டில் குறி இருக்கும். முன்பு கடைசி இரண்டு ஃபர்லாங்கில் திடீரென்று நின்றுபோன குதிரைக்கு அந்தக் குறி இருந்தால், பழைய தோல்விகளுக்குக் கொடுத்த மதிப்பைக் குறைக்கலாம்.

கடைசியாக, தரை. செவ்வாயும் புதனும் ஓடுவது ஓல்ட் கோர்ஸ் என்ற வேறு தடத்தில். வியாழன் திறப்பது புதிய புல். செவ்வாய்க்கிழமை ஓடிய நேரத்தை வைத்து ஸ்டேயர்ஸ் ஹர்டிலின் தரையை முடிவு செய்வது பொருந்தாது. நியூ கோர்ஸுக்கென்று தனியாக வரும் அறிக்கையையும் புதன் இரவு மழையையும் பாருங்கள். பதிவான குதிரைகள் பலவற்றுக்கு வேறு பந்தயங்களிலும் பதிவு இருக்கும். இறுதிப் பட்டியல் 48 மணி நேரம் முன்புதான் உறுதியாகும். பட்டியல் வந்ததும் முன்னால் ஓடுபவர்களை மறுபடி எண்ணுங்கள். ஒரே ஒரு பெயர் விலகியிருந்தாலும் முதல் முறை போட்ட வேகக் கணக்கு உதவாது.