ப்ரீ-டயாபடீஸ் பயத்தில் சுகர் டெஸ்ட் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நண்பரின் தம்பி ஒருவர் தன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினார். "ஃபாஸ்டிங் 97 அண்ணே, தப்பிச்சிட்டேன்" என்று கூடவே ஒரு வரி. பல வருடங்களுக்கு முன் நானும் ஏறக்குறைய இதே எண்ணைப் பார்த்துவிட்டு இதையேதான் சொன்னேன். அதனால் அவருக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. ப்ரீ-டயாபடீஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், என்று தெரிந்த நாளிலிருந்து இந்த டெஸ்டுகளோடு வாழ்கிறவன். புதிதாகப் பயந்துபோய் வருகிறவர்களோடு உட்கார்ந்து ரிப்போர்ட் படிப்பதும் பழக்கமாகிவிட்டது. காபி குடித்துவிட்டு ஃபாஸ்டிங் டெஸ்டுக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் எண்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் ஃபாஸ்டிங் (வெறும் வயிற்றில் எடுப்பது) 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, ஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சுகரைச் சொல்லும் ரத்த டெஸ்ட்) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் ப்ரீ-டயாபடீஸ். சுகர் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற அளவு. உலக சுகாதார நிறுவனம் ஃபாஸ்டிங் வரம்பை 110-இல்தான் தொடங்குகிறது. ஆகவே 104 வந்தவரிடம் ஒரு டாக்டர் கவனமாக இருங்கள் என்பார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்பார். இருவர் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு.

ஃபாஸ்டிங் ஒன்றை மட்டும் நம்புவது

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துவது இதுதான்.

அடுத்தடுத்து மூன்று வருடம் ஃபாஸ்டிங் மட்டும் பார்த்தேன். 94, 97, 96. மூன்று தடவையும் ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, என் இடுப்பு வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலாவது வருடம் வேறொரு டாக்டர் குளுக்கோஸ் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸ். பாதி டம்ளரிலேயே தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஃபாஸ்டிங் 96. இரண்டு மணி நேரத்துக்குப் பின் 178.

ஒரே காலையில் ஒரு எண் நல்லபடியாகவும் இன்னொன்று மோசமாகவும் எப்படி வரும்? இரவு முழுக்க நாம் சாப்பிடாதபோது ரத்தத்தில் குளுக்கோஸ் விடுவது கல்லீரல். அது அளவுக்கு மீறி விடாமல் இன்சுலின் அடக்கி வைக்கிறது. காலை எண் பெரும்பாலும் இந்தச் சங்கதியைத்தான் சொல்கிறது. சாப்பிட்ட பிறகு நடப்பது வேறு. கணையம் உடனே இன்சுலின் விட வேண்டும், தசைகள் வந்த குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்குக் கல்லீரல் பக்கம் முதலில் கெடும், சிலருக்குத் தசைப் பக்கம். இரண்டாவது வகைக்காரர்களுக்கு ஃபாஸ்டிங் வருடக்கணக்கில் ஒழுங்காகவே வந்துகொண்டிருக்கலாம். உடம்பிலும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது.

இதில் போவது வெறும் மூன்று வருடம் இல்லை. 2002-இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு நடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோருக்குமே குளுக்கோஸ் குடித்த பின் எண் 140-க்கும் 199-க்கும் இடையில் இருந்தது. அதாவது நான் 'நார்மல்' என்று நிம்மதியாகத் திரிந்த அதே கட்டத்தில்தான் அவர்கள் இருந்தார்கள்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சுகர் ஏறியிருந்தாலோ, இடுப்பு பெருத்திருந்தாலோ ஃபாஸ்டிங்கோடு ஏ1சியும் எடுங்கள். அதுவும் எல்லைக்கோட்டில் நின்றால் குளுக்கோஸ் டெஸ்ட் வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் பலருக்கு அது எழுதப்படுவதில்லை. இரண்டு மணி நேரம் ஆகிற டெஸ்ட், யாருக்கும் பொறுமை இல்லை.

குளுக்கோஸ் டெஸ்டுக்கு முன் வயிற்றைக் காயப்போடுவது

நல்ல எண் வரவேண்டும் என்று நாலு நாள் மாவுச்சத்தையே தொடாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். பலன் நேர்மாறாக வரும். மாவுச்சத்து பல நாள் வராவிட்டால் உடம்பு அதைச் சமாளிக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனால் எண் எகிறும். டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாளும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிடச் சொல்வது இதற்காகத்தான். வழக்கம்போல் சாப்பிடுங்கள், அது போதும்.

அப்புறம், காத்திருக்கும் நேரத்தில் நடை போடாதீர்கள், சிகரெட் பிடிக்காதீர்கள். இரண்டு மணி நேரம் என்பது குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து.

ஏ1சி பொய்யே சொல்லாது என்று நினைப்பது

ஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்பதால் மூன்று மாதக் கணக்கு என்கிறோம். ஆனால் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் அதில் பாதி.

சிவப்பணுவின் ஆயுள் மாறினால் இந்த எண்ணும் மாறும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாக வரலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ குறைத்துக் காட்டலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு ஏ1சி 6.1, ஃபாஸ்டிங்கும் குளுக்கோஸ் டெஸ்டும் இரண்டுமே நல்லபடியாக இருந்தன. அவருடைய ஹீமோகுளோபின் 8.4. முதலில் இரும்புச்சத்தைச் சரிசெய்தார்கள், சில மாதம் கழித்து எடுத்ததில் ஏ1சி 5.5. ஏ1சி எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

காய்ச்சலோடு டெஸ்டுக்குப் போவது

வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

வீட்டுக் கருவியை நீதிபதி ஆக்குவது

குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. உண்மையில் 110 இருந்தால் கருவி 94 என்றும் காட்டலாம், 126 என்றும் காட்டலாம். இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவை. நார்மல், ப்ரீ-டயாபடீஸ், சர்க்கரை நோய் என்ற மூன்று கட்டமும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க அது நல்ல துணை. நோய் இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட லேப் டெஸ்ட்தான்.

கை கழுவாமல் குத்தாதீர்கள். ஒருமுறை ஆரஞ்சு உரித்த விரலில் குத்தி 187 பார்த்து வெலவெலத்துப் போனேன். சோப்புப் போட்டுக் கழுவி வேறு விரலில் குத்தினால் 104.

ரத்தம் எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படியே வெளியில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிறவர் இன்னும் பத்து வீடு சுற்றிவிட்டு லேபுக்குப் போனால் உங்கள் 105 அங்கே 95 ஆகியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஃப்ளூரைடு போட்ட குழாய், பெரும்பாலும் சாம்பல் நிற மூடி. அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுதாகத் தடுப்பதில்லை. முடிந்தால் லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டில் தீர்ப்பு எழுதுவது

மறுபடி எடுங்கள். அதே லேபில்.

நண்பரின் தம்பிக்கு நேற்றுப் பதில் எழுதினேன்: "தம்பி, அப்பாவுக்குச் சுகர் இருக்கிறது என்று முன்பு சொன்னாயே. ஏ1சியும் ஹீமோகுளோபினும் எடுத்துவிட்டுக் கூப்பிடு." சனிக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார்.