கணினியின் உள் ஸ்பீக்கரை ஒலிக்கச் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் ஒலிக்கென்று இருந்தவை ஒரு சிறு ஸ்பீக்கரும், அதை இயக்குவதற்காக இன்டெல் 8253 டைமர் சிப்பின் மூன்று எண்ணிகளில் ஒதுக்கப்பட்ட ஒன்றும்தான். ஸ்வரத்தை ஒலித்துக்கொண்டிருப்பது நாம் எழுதிய நிரல் அன்று, அந்தச் சிப்பே ஆகும். நிரல் அதைத் தொடங்கி வைக்கிறது, மாற்றுகிறது, நிறுத்துகிறது, அவ்வளவே. புதியவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் விளைகின்றன.

நிறுத்த மறப்பது அவற்றுள் முதலாவது. டர்போ சி என்ற பழைய சி கம்பைலரில் சவுண்ட் என்ற செயற்கூற்றை அழைத்துவிட்டு நோசவுண்டை அழைக்காமல் நிரல் முடிந்துவிட்டால், டாஸ் இயங்குதளத்தின் திரைக்குத் திரும்பிய பின்னும் ஒலி நிற்காது. இயல்பான வழியில் மட்டுமன்றி, பயனர் இடையில் கன்ட்ரோல்-பிரேக் அழுத்தி வெளியேறும் வழியிலும் ஒலியை அணைக்க வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நூலகச் செயற்கூறுகளை விட்டு நேரடியாகப் போர்ட்டுகளில் (வன்பொருளோடு பேச உதவும் எண்ணிட்ட வாயில்கள்) எழுதுவோர் சிப்புக்குத் தர வேண்டியது அதிர்வெண் அன்று. டைமர் விநாடிக்குப் பெறும் துடிப்புகளின் எண்ணிக்கையான 1193182ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் வகுத்தி. 440 ஹெர்ட்ஸுக்கு அது 2712. ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 43ஆம் போர்ட்டுக்குத் தசமத்தில் 182 என்ற கட்டளையை அனுப்பிய பிறகு, இந்த வகுத்தியை ஹெக்ஸ் 42ஆம் போர்ட்டில் கீழ் பைட் (152) முதலிலும் மேல் பைட் (10) அடுத்தும் எழுத வேண்டும். வரிசை மாறினால் வகுத்தி 38922 ஆகிவிடும். ஒலி சுமார் 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, அந்தச் சிறு ஸ்பீக்கரில் கடகடப்பாக மட்டுமே கேட்கும். வகுத்தி 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் 19 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதும் வீண்: 18 ஹெர்ட்ஸ் கேட்டால் 66288 என்ற எண் 752 ஆகச் சுருங்கி, ஏறத்தாழ 1587 ஹெர்ட்ஸில் கீச்சென்று ஒலிக்கும். பழைய பேசிக் நிரல்களில் இதே போர்ட்டுகள் 66, 67, 97 எனத் தசமத்தில் இருக்கும். அவற்றையும் ஹெக்ஸ் எண்களையும் கலந்துவிடக் கூடாது.

டைமரையும் ஸ்பீக்கரையும் இணைப்பவை ஹெக்ஸ் 61ஆம் போர்ட்டின் கடைசி இரண்டு பிட்டுகள். அந்தப் போர்ட்டில் நேராக 3 என்று எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. ஒலி வந்துவிடுவதால் தவறு என்றே தெரியாது. ஆனால் தொடக்ககாலப் பிசியில் அதே போர்ட்டின் மற்ற பிட்டுகள் விசைப்பலகையோடும் நினைவகப் பிழைச் சோதனையோடும் தொடர்புடையவை. ஆகவே முதலில் மதிப்பைப் படித்து, அந்த இரண்டு பிட்டுகளை மட்டும் ஏற்றி மீண்டும் எழுத வேண்டும், அணைக்கும்போதும் அவ்வாறே படித்து அவற்றை மட்டும் இறக்க வேண்டும்.

ஸ்வரத்தின் நீளத்தை வெற்று ஃபார் லூப்பால் அளப்பதே இவை எல்லாவற்றிலும் மோசமானது என்பேன். 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியில் அரை விநாடி நீடித்த ஒலி, வேகமான கணினியில் வெறும் சொடுக்காகிவிடும். இக்காலக் கம்பைலர் அந்த லூப்பையே நீக்கிவிடவும் கூடும். இதற்கு மாற்றாகத் தொடக்கத்திலேயே கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும் டர்போ பாஸ்கலின் டிலே என்ற காத்திருப்புச் செயற்கூறு கூட தப்பவில்லை: பென்டியம் 2 போன்ற வேகமான செயலிகள் வந்தபோது, அந்த அளவீட்டின் வகுத்தல் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல், நிரல் தன் முதல் வரியை எட்டும் முன்பே ரன்டைம் எரர் 200 என்று நின்றது. விநாடிக்கு 18.2 முறை துடிக்கும் கணினிக் கடிகாரத்தைப் படிப்பது நம்பகமானது. அதன் துல்லியம் 55 மில்லிவிநாடி என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இசையமைக்க முயல்வோர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே அளவு ஹெர்ட்ஸைக் கூட்டிக்கொண்டே போவதுண்டு. கீபோர்டு இசையின் சமப் பகுப்பில் (ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்கும் முறை) அடுத்த அரைஸ்வரம் கூட்டலால் கிடைப்பதில்லை, 1.05946ஆல் பெருக்குவதால் கிடைக்கிறது. ஒரே ஸ்வரம் இருமுறை வரும்போது இடையே சிறு மௌனம் விடாவிட்டால் இரண்டும் ஒன்றாக ஒட்டிவிடும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்க இந்த அமைப்பில் நேரடி வழியில்லை. இருப்பது ஏற்றமும் இறக்கமும் மட்டுமே கொண்ட சதுர அலை. ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரங்களும் இல்லை. அவற்றை மிக விரைவாக மாற்றி மாற்றி ஒலித்துக் காதை ஏமாற்றலாம்.

இன்றைய இயங்குதளங்களில் பழைய நிரலை அப்படியே ஓட்ட முயல்வது வேறொரு வகைத் தவறு. விண்டோஸின் என்டி வழிவந்த பதிப்புகள் சாதாரண நிரலைப் போர்ட்டுகளைத் தொட விடுவதில்லை. அங்கே பீப் செயற்கூற்றைத்தான் நாட வேண்டும். விண்டோஸ் 7 முதல் அது உள் ஸ்பீக்கருக்குப் போகாமல் ஒலி அட்டை வழியே ஒலிக்கிறது. ஒலி முடியும்வரை அது திரும்பாது என்பதால், திரையை வரையும் அதே இழையில் (நிரலின் தனி ஓட்டத்தில்) அழைத்தால் சாளரம் உறைந்து நிற்கும். லினக்ஸில் உள் ஸ்பீக்கருக்கான டிரைவரைப் பல வெளியீடுகள் முன்கூட்டியே முடக்கி வைத்திருப்பதால், நிரலைச் சந்தேகிக்கும் முன் அதைச் சரிபார்ப்பது நல்லது. அங்கே கன்சோல் ஒலியைத் தொடங்கும் ஐஆக்டில் அழைப்பு (சாதனத்துக்குக் கட்டளையிடும் கணினி அழைப்பு) எதிர்பார்ப்பதும் வகுத்தியைத்தான். 440 என்று கொடுத்தால் கேட்பது 2712 ஹெர்ட்ஸ்.