கூரை உண்டா, இல்லையா: பழைய ஸ்காட்லாந்து வரைபடத்தில் குறிப்பெடுப்பது

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தைத் திறந்து, பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத் தாள் ஒன்றில் வீடுகளை எண்ணுவது என் பழக்கம். மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த முதல் பதிப்புதான் எனக்குப் பிடித்தது. தனித்தனிக் கொட்டகை வரை அதில் தெரியும்.

நீங்களும் இப்படிக் குறிப்பெடுக்க நினைத்தால், முதலில் தாளின் ஓரத்தைப் படியுங்கள். கவுண்டி (மாவட்டம் மாதிரி), தாள் எண், அப்புறம் இரண்டு ஆண்டுகள் இருக்கும்: அளந்தது, அச்சிட்டது. வீடு நின்றதற்குச் சாட்சி அளந்த ஆண்டுதான். ஆரம்பத்தில் நான் அச்சிட்ட ஆண்டை மட்டும் எழுதிவைத்து, ஒரு நோட்டு முழுக்கத் திருத்த வேண்டியதாயிற்று. இரண்டையும் எழுதிவிடுங்கள்.

அடுத்து கட்டடங்கள். உள்ளே நிரப்பிக் காட்டியிருந்தால் கூரை உள்ளது. வெறும் சுவர்க்கோடு என்றால் கூரை போய்விட்டது. "கூரையுள்ளது 1, கூரையற்றது 3, அடைப்பு 1" என்று எழுதினால் போதும். அடைப்பு என்றால் சுற்றிலும் சுவரோ வேலியோ உள்ள இடம். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில் கூரையற்ற சுவர்களைப் பார்த்ததும், செம்மறியாடு வளர்ப்பதற்காக நிலக்காரர்கள் குடிகளை விரட்டிய கதை மனதில் ஓடும். ஓடட்டும், குறிப்பில் வேண்டாம். கோடைக்கு மட்டும் மாடு ஓட்டிப்போய்த் தங்கிய மலைக்குடிசையாகவும் அது இருக்கலாம்.

பெயரில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தாளில் 'மில்டவுன்' என்றிருந்தால் அப்படியே எழுதுங்கள். 'மில்டன்' என்று மாற்றாதீர்கள். சந்தேகம் வந்தால், சர்வேக்காரர்கள் கையால் எழுதிய பெயர்ப் புத்தகங்களைப் பாருங்கள். ஸ்காட்லாண்ட்ஸ்பிளேசஸ் தளத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு பெயருக்கு என்னென்ன எழுத்துக்கூட்டல், அவற்றைச் சொன்னது யார், அந்த இடம் என்ன என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். சொன்னவர் பெயரைத் தவறாமல் குறியுங்கள். பண்ணையாரும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும்தான் அடிக்கடி வருவார்கள். அந்த மலையில் தினமும் நடந்த மேய்ப்பனைக் கேட்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள பெயர்கள் ஆங்கிலக் காதில் விழுந்து உருமாறியவை. 'பால்' என்று தொடங்கினால் பெரும்பாலும் 'பாலே', அதாவது ஊர். 'இன்வர்' என்றால் ஆற்றின் முகத்துவாரம். இந்த விளக்கமெல்லாம் தனிப் பத்தியில் போகட்டும்.

1747 முதல் 1755 வரை வில்லியம் ராய் முதலானோர் வரைந்த ராணுவ வரைபடத்தையும் ஒப்பிடலாம். ஆனால் அதிலுள்ள சிவப்புப் புள்ளிகளை வீட்டுக் கணக்காக எடுக்காதீர்கள். தூரமும் திசையும் பிசகும், அதனால் ஓடையைப் பிடித்துக்கொண்டே தேடுங்கள். தேடியும் ஊர் அகப்படவில்லை என்றால், உங்கள் குறிப்பில் அதற்கான கட்டத்தைக் காலியாக விடாமல் "இப்படத்தில் இல்லை" என்று எழுதுங்கள். காலியாக விட்டால், பின்னால் வருபவர் நீங்கள் பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.