கிரீன்ல பந்து நகர்ந்துடுச்சா? எங்க இருந்து பட் பண்ணணும்னு பாப்போம்

வருஷக்கணக்கா கோல்ஃப் ஆடுறவங்களே தடுமாறுற இடம் இது. கிரீன்ல, அதாவது குழியைச் சுத்தி புல்லை ரொம்பக் குட்டையா வெட்டி வெச்சிருக்குற இடத்துல, நிக்கிற பந்து லேசா நகர்ந்துச்சுன்னா உடனே எல்லாரும் பெனால்டி உண்டா இல்லையான்னுதான் கேப்பாங்க, ஆனா அதுக்கு பதில் ரொம்ப சிம்பிள், கிரீன்ல தெரியாம நகர்த்திட்டா பெனால்டி கிடையாது. கேக்க வேண்டிய கேள்வி வேற: இப்ப எங்க இருந்து அடிக்கணும்? தப்பான இடத்துல இருந்து பட் பண்ணிட்டா (பந்தைக் குழியை நோக்கி உருட்டி அடிச்சுட்டா), மொத்த அடிகளை எண்ணுற ஸ்ட்ரோக் பிளேல ரெண்டு ஸ்ட்ரோக் ஏறிடும், ஒவ்வொரு ஹோலா ஜெயிக்கிற மேட்ச் பிளேன்னா அந்த ஹோலே போச்சு.

முதல்ல பந்து கிரீன்ல இருக்கான்னு பாருங்க. பந்தோட ஏதாவது ஒரு பகுதி கிரீனைத் தொட்டா போதும், அது கிரீன்ல இருக்குற பந்துதான். முழுசா ஃப்ரிஞ்ச்ல, அதாவது கிரீனை ஒட்டின ஓரப் புல்லுல, இருந்துச்சுன்னா இந்தச் சலுகை கிடையாது, அங்க நீங்க தட்டிவிட்டா ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, பந்தையும் பழைய இடத்துல வெக்கணும்.

அடுத்தது, யார் நகர்த்துனது. பிராக்டிஸ் ஸ்விங்ல புட்டர் (பட் பண்ணுற மட்டை) பட்டுடுச்சு, கால் இடறிடுச்சு, கையில இருந்த புட்டர் பந்து மேல விழுந்துடுச்சு, உங்க பையைத் தூக்குற கேடியோ எதிர்ல ஆடுறவரோ தெரியாம மிதிச்சுட்டாங்க, இது எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்: பெனால்டி இல்ல, பழைய இடத்துல திரும்ப வெச்சு ஆடுங்க. இடம் துல்லியமா தெரியலன்னா கணிச்சு வெக்கலாம். வேணும்னே எடுத்தா கதை வேற, மார்க் பண்ணாம, அதாவது பந்துக்குப் பின்னாடி காசோ மார்க்கரோ வெச்சு இடத்தைக் குறிக்காம, பந்தைத் தூக்குனா ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி.

இப்ப சிக்கலான பகுதிக்கு வருவோம். யாரும் தொடல, காத்து தள்ளிடுச்சு, இல்ல சரிவுல தானா உருண்டுடுச்சு. இங்க ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும், இந்தப் பந்தை கிரீன்ல ஏற்கனவே மார்க் பண்ணி, எடுத்து, திரும்ப வெச்சாச்சா? வெச்சாச்சுன்னா அந்த இடம் உங்களோடது, காத்து எங்க தள்ளுனாலும் பழைய இடத்துக்கே கொண்டு வந்து வெக்கணும். இன்னும் எடுக்கவே இல்லன்னா புது இடத்துல இருந்துதான் அடிக்கணும். 2019-ல வந்த விதிகள்ல, 13.1டி-ல இது இருக்கு.

இதோட விளைவு ரெண்டு பக்கமும் பெருசு. எடுக்காத பந்தை காத்து குழிக்குள்ள தள்ளிடுச்சுன்னா முந்தின ஸ்ட்ரோக்லயே ஹோல் ஆனதா கணக்கு, அதே பந்தை எடுத்து வெச்சதுக்கு அப்புறம் குழிக்குள்ள போச்சுன்னா வெளிய எடுத்து பழைய இடத்துல வெச்சு பட் பண்ணியே ஆகணும். மாறா, எடுக்காத பந்து கிரீனை விட்டு உருண்டு தண்ணிக்குள்ள போச்சுன்னா அதையும் ஏத்துக்க வேண்டியதுதான், பெனால்டி வாங்கிட்டுதான் வெளிய வரணும். அதனால காத்தடிக்கிற நாள்ல, வேகமான கிரீன்ல, நான் சொல்றது இதுதான், பந்துகிட்ட போனதும் முதல் வேலையா மார்க் பண்ணி எடுத்து திரும்ப வெச்சுடுங்க, லைன் (பந்து உருளப்போற பாதை) பாக்குறதெல்லாம் அப்புறம். இன்னொண்ணு, மார்க்கர் பந்துக்குப் பின்னாடி இன்னும் இருக்கேன்னு குழப்பிக்காதீங்க, ஆடுறதுக்காக பந்தை வெச்சு கையை விட்டாச்சுன்னா மார்க்கரை எடுக்கலன்னாலும் அது ஆட்டத்துல இருக்குற பந்துதான்.

யார் நகர்த்துனதுன்னே தெரியலன்னா? ஆளோ வேற ஏதாவதோதான் காரணம்னு கிட்டத்தட்ட உறுதியா, அதாவது 95 சதவீதமாவது சொல்ல முடியணும், முடியலன்னா இயற்கையாத்தான் நகர்ந்துச்சுன்னு எடுத்துக்கணும்.

2016 யுஎஸ் ஓப்பன் கடைசி ரவுண்ட்ல, ஓக்மான்ட் மைதானத்தோட அஞ்சாவது கிரீன்ல, அமெரிக்க வீரர் டஸ்டின் ஜான்சனோட பந்து லேசா நகர்ந்துச்சு. அங்கயே நின்ன ரெஃப்ரீ பெனால்டி இல்லன்னுட்டாரு, ஆனா 12-வது டீல (அந்த ஹோலோட முதல் அடி அடிக்கிற இடத்துல) அதிகாரிங்க வந்து ரவுண்ட் முடிஞ்சப்புறம் வீடியோ பாத்து சொல்றோம்னு சொன்னாங்க, மனுஷன் மிச்ச ஹோல் எல்லாத்தையும் தன்னோட ஸ்கோர் என்னன்னே தெரியாம ஆட வேண்டியதா போச்சு. கடைசில ஒரு ஸ்ட்ரோக் போட்டாங்க, அப்படியும் மூணு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 2017 ஜனவரி 1-ல இருந்து தெரியாம நகர்த்துனா பெனால்டி வேண்டாம்னு லோக்கல் ரூல் (போட்டி நடத்துறவங்க விரும்பினா சேர்த்துக்கிற விதி) கொண்டு வந்தாங்க, 2019-ல அதுவே நிரந்தர விதியாயிடுச்சு. என்னைக் கேட்டா ரொம்ப முன்னாடியே வந்திருக்க வேண்டிய மாத்தம்.

பேக்ஸ்விங், அதாவது அடிக்கிறதுக்காக மட்டையைப் பின்னாடி இழுக்குறது, ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பந்து நகர ஆரம்பிச்சு நீங்களும் அடிச்சுட்டீங்கன்னா அந்த ஸ்ட்ரோக் செல்லும், பெனால்டி இல்ல, பந்து நின்ன இடத்துல இருந்து ஆடுங்க. ஆனா பேக்ஸ்விங்குக்கு முன்னாடியே நகர்றதைப் பாத்துட்டீங்கன்னா கையை நிறுத்திடுங்க, நகர்ற பந்தை அடிச்சா ரெண்டு ஸ்ட்ரோக்.

இவ்ளோ பாத்தும் முடிவு வரலன்னா, ஸ்ட்ரோக் பிளேல ரெண்டு பந்து ஆடலாம், ஒண்ணு பழைய இடத்துல இருந்து, இன்னொண்ணு புது இடத்துல இருந்து. அடுத்த ஸ்ட்ரோக் அடிக்கிறதுக்கு முன்னாடியே, விதி இடம் குடுத்தா எந்தப் பந்தை எண்ணணும்னு கூட ஆடுறவர்கிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா முதல்ல ஆடுன பந்தை நீங்க தேர்ந்தெடுத்ததா எடுத்துப்பாங்க. மேட்ச் பிளேல இந்த வழி கிடையாது. ரெண்டு பந்துலயும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும் ஸ்கோர்கார்டு குடுக்குறதுக்கு முன்னாடி போட்டி நடத்துற கமிட்டிகிட்ட நடந்ததைச் சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா போட்டியில இருந்தே நீக்கிடுவாங்க.